துக்கம் கேட்க வந்தவன்

எங்கள் பாவடிச் சந்தில் வானத்திலிருந்து இதயங்கள் விழத் தொடங்கியது, என் அக்கா பூங்கோதையை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், பால்காரர் வந்துபோன பிறகு, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்பு. சிவப்பாக, உள்ளங்கை அகலத்தில், முருங்கைப்பூ அளவுக்குக்கூட எடையில்லாமல், காற்றில் ஆடி ஆடி வந்து எங்கள் வீட்டு வாசலில் மட்டும் படிந்தன. எதிர்வீட்டு சுலோச்சனா அத்தை கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்து, வெள்ளெனவே ஆரம்பிச்சுருச்சு என்று மழையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தன் கோலத்தின்மேல் வழிதவறி விழுந்தவற்றை விரல்நுனியால் எடுத்து எங்கள் பக்கம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எங்கிருந்து வருகிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். அக்கா வேலை பார்த்த வெண்முகில் மில் தன் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தது. 'வெண்முகில் குடும்பம் தன் அன்பு மகளை இழந்து வாடுகிறது.' அதன் கீழே அக்காவின் படம். மில் அடையாள அட்டையில் இருந்த அதே படம்தான், ஆனால் அவளைச் சிவப்பாக்கியிருந்தார்கள். அக்கா நல்ல கறுப்பு. செத்த பிறகும் ஒரு பெண்ணை அவள் நிறத்தில் விட்டுவைக்க மனம் வராத குடும்பம் அது. ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிவந்த மில் பேருந்து, வாய்க்கால் பாலத்தில் பிரேக் பிடிக்காமல் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு இறங்கி, அக்கா ஒருத்தியைக் கொண்டுபோனதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 'எதிர்பாராத' என்று மட்டும் ஒரு சொல் இருந்தது. அந்தப் பதிவைப் பார்த்து எந்த ஊரில் யார் இதயத்தை அழுத்தினாலும், அந்த இதயம் அழுத்திய இடத்தில் நிற்காமல், விலாசம் தெரிந்த பொருள்போல எங்கள் வாசலுக்கு வந்து விழுந்தது. கூடவே கண்ணீர் வடிக்கும் மஞ்சள் மூஞ்சிகளும் கும்பிட்ட கைகளும் வந்தன. கும்பிட்ட கைகள் கொஞ்சம் கனம். ஓட்டின்மேல் விழும்போது சத்தம் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பது என்று ஒன்று உண்டு. செத்த வீட்டுக்கு வருகிறவர்கள், வாங்க என்று யாரும் கூப்பிடாமலே, வணக்கம் என்று தாங்களும் சொல்லாமலே உள்ளே வருவார்கள். ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார்கள். பெண்கள் குனிந்து, பாயில் உட்கார்ந்திருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள், அப்புறம்தான் அழுகை. தனியாக உட்கார்ந்து அழ எங்கள் பெண்களுக்குப் பழக்கமில்லை. கட்டிக்கொள்ள ஓர் ஆள் வரும்வரை அது நெஞ்சுக்குள்ளேயே காத்துக்கிடக்கும், வருகிற ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிளம்பும்போது மட்டும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லவே கூடாது. சொன்னால், இதே மாதிரி இன்னொரு காரியத்துக்கு இந்த வீட்டுக்கு மறுபடி வருவேன் என்றாகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் எங்கள் ஊரில் இது தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவை ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிச் சாயங்காலம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நேரே மின்மயானம் போய்விடலாம் என்று மில் அனுப்பிய ஒரு மேஸ்திரி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டுக் காணாமல் போனார். மயானத்துக்கு வந்தவர்கள் கையில் எல்லாம் செல்போன் இருந்தது. ஒரு கையால் யாரையும் கட்டிக்கொள்ள முடியாது. அதனால் என் அம்மா மரகதம் அழாமலே வீட்டுக்கு வந்து, கதவோரம் பாயைப் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார்; அம்மாவுக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், இப்போது நான் ஒருத்தி. நான் கட்டிக்கொண்டால் ஆகாதா என்று கட்டிப்பார்த்தேன். நீ வூட்டு ஆளு அம்மிணி, வெளிய இருந்து வரணும் என்று என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

வெளியிலிருந்து யாரும் வரவில்லை. வரக்கூடாது என்று இல்லை, வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். காங்கயத்துப் பெரியப்பா மகன் எங்கள் குடும்பக் குரூப்பில் கும்பிட்ட கைகளை வரிசையாகப் போட்டிருந்தான். அக்காவோடு ஒரே மெஷினில் நின்ற பெண்கள் அவள் படத்துக்கு மெழுகுவர்த்தி வைத்து வீடியோ செய்திருந்தார்கள். சுலோச்சனா அத்தை வாசலில் என்னை நிறுத்தி, "ஸ்டேட்டஸ் வெச்சிருந்தேனே அம்மிணி, பாத்தியா? பாட்டோட வெச்சிருந்தேன்" என்று கேட்டாள். பார்த்தேன் அத்தை என்றேன். அம்மாகிட்டச் சொன்னியா என்றாள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவளுக்கு அந்தப் பாட்டும் கேட்கவில்லை, அந்த மெழுகுவர்த்தியும் தெரியவில்லை, அவள் கண்டதெல்லாம் வாசலில் குவியும் சிவப்புக் குப்பையைத்தான். பத்தடி தூரம் அத்தை, தெருவைத் தாண்டினால் நம் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பொய்யாக இருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

"மில்லுல இருந்து ஒருத்தர் வரட்டும்" என்றாள் அம்மா. "வந்து என் மூஞ்சியப் பாத்து, என்ன ஆச்சுன்னு சொல்லட்டும். அப்புறம் நான் அழுதுக்கறேன்."

சந்து அதற்குள் இதயங்களோடு வாழப் பழகிவிட்டது. ஆடுகள் முதலில் முகர்ந்து பார்த்துத் தும்மின, பிறகு மஞ்சள் மூஞ்சிகளை மட்டும் தின்றன, பாலில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் கோத்து மாலை போட்டுக்கொண்டார்கள். எடுத்த புதிதில் ஒவ்வொரு இதயத்திலும் ஒரு இளஞ்சூடு இருக்கும், டம்ளரில் ஆறிப்போன டீ மாதிரி, கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். மெத்தைக்கடை சண்முகவடிவு பஞ்சு விலை ஏறிக்கிடந்த சமயம் பார்த்து மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டுபோய்த் தலையணையில் அடைத்தார். வாங்கியவர்கள், தலை வைத்தால் அமுங்குகிறது, ஆனால் ஏதோ நினைத்துக்கொண்டே இருக்கிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குப்பை வண்டியோடு வரும் பொம்மக்காவுக்குத்தான் பெரிய குழப்பம். இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா, பச்சைத் தொட்டியா நீலத் தொட்டியா என்று மேற்பார்வையாளரைக் கேட்டாள், அவர் நகராட்சியைக் கேட்டார், நகராட்சி யாரையும் கேட்காமல் 'பாவடிச் சந்தில் தூய்மைப் பணி தீவிரம்' என்று பொம்மக்கா துடைப்பத்தோடு நிற்கும் படத்தைப் போட்டது. அந்தப் படத்துக்கு விழுந்த இதயங்கள் பொம்மக்கா வீட்டு ஓட்டில் போய் விழுந்தன. அன்றோடு அவள் எங்கள் சந்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். என்ற வூட்டக் கூட்டவே நேரம் பத்தலை கண்ணு என்று போனில் சொன்னாள். அவள் ஒருத்திதான் போனிலாவது பேசினாள்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் பிரேக் சரியில்லை என்பது அக்காவுக்குத் தெரியும், அதில் வந்துபோன எல்லாப் பெண்களுக்கும் தெரியும். முன்பெல்லாம் இப்படி ஏதாவது என்றால் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று சத்தம் போடுவார்கள், மேனேஜர் இறங்கி வந்து அவரும் சத்தம் போடுவார், ஏதோ ஒன்று நடக்கும். பிறகு மில் நவீனமானது. 'வெண்முகில் குடும்பம்' என்று வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்து எல்லோரையும் சேர்த்தார்கள். அக்கா ஆபீஸ் வரைக்கும் போய்ப் பிரேக்கைப் பற்றிச் சொல்ல நின்றபோது, குரூப்பில் போடுங்க, நேரில் யாரும் கேட்பதில்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். அவர் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவும் ஒரு நல்ல வார்த்தையும் போடுவார். பெண்கள் அதன்மேல் கட்டைவிரலோ இதயமோ வைக்கலாம். எழுத முடியாத அக்கா, ஒவ்வொரு ரோஜாப்பூவின்மேலும் சிவந்த கோப மூஞ்சியை வைத்தாள். மற்ற பெண்களும் வைத்தார்கள். சாகிற அன்று காலையிலும் வைத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினாள்.

நான் பக்கத்து நகரத்தில் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பியல் படிக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால் வகுப்புக்குத் திரும்பினேன். அன்றைக்கு நெருக்கடிகாலத் தொடர்பு பற்றிய பாடம். பேராசிரியருக்கு என் வீட்டு விஷயம் தெரியாது. துறையில் யாருக்கும் தெரியாது, நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் திரையில் காட்டியது வெண்முகில் மில்லின் பதிவை. எவ்வளவு வேகம் பாருங்கள், வதந்தி கிளம்பும் முன்பே பொதுமக்களிடம் பேசிவிட்டார்கள், சொற்களில் எவ்வளவு கனிவு என்று சொல்லிக்கொண்டே போனார். சுவர் முழுக்க என் அக்கா, இல்லாத நிறத்தில், சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். "சார், அதுல இருக்கறது எங்கக்கா. எங்கம்மா வெச்சிருக்கறது பட்டன் போன். இந்தப் பதிவு எங்கம்மாவுக்கு எழுதினதில்ல சார். எங்கம்மாவப் பத்தி ஊருக்கு எழுதினது."

அவர் திரையை அணைத்தார். பிறகு வருத்தம் தெரிவித்தார், நல்ல மனிதர்தான். ஆனால் பாடம் பாடம்தான் என்பதால் ஒன்று கேட்டார்: முன்பு முதலாளிகள் நேரில் வந்து மாலை போட்டார்களே, அப்போது மட்டும் உண்மையைச் சொன்னார்களா, ஒரு கவரை நீட்டிவிட்டுப் போனார்கள், அதைக் கேட்க நாதியில்லை, இன்றைக்கு நீ ஒரு வரி எழுதினால் உலகமே திரும்பிப் பார்க்கும், இது பெரிதில்லையா. அதற்கு நான் பதிலுக்குப் பதில் பேசினேன், மேஜையைத் தட்டினேன், ஏதேதோ சொன்னேன், ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. வகுப்பு மொத்தமும் என் பக்கம் நின்றது. நின்றது என்றால், உட்கார்ந்த இடத்தில் நின்றது. வகுப்புத் தோழி ஜெனிலா நான் பேசியதைப் படம்பிடித்து அங்கிருந்தே இணையத்தில் போட்டுவிட்டாள். பேசி முடித்து நான் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொடவில்லை, திரையைத் தொட்டுக்கொண்டிருந்தாள்; சுற்றி எல்லோரும் குனிந்து எனக்காக அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கியபோது சந்தின் முனையிலேயே சிவப்பு தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் இடுப்பளவு. ஜன்னல் கட்டையைத் தாண்டி உள்ளே வழிந்துகொண்டிருந்தது. வானத்தில் இன்னும் வந்துகொண்டே இருந்தன, ஊரெல்லாம், எனக்குப் பெயர் தெரியாத நாடெல்லாம் அழுத்திய இதயங்கள், சத்தமே இல்லாமல். நீந்துவதுபோலக் கையால் விலக்கி விலக்கிக் கதவைத் தள்ளினேன். அம்மா பாயில் அப்படியே இருந்தாள், மடிவரைக்கும் இதயங்கள். ஒன்றைக் கையில் எடுத்து அதன் சூடு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை பேரு நெனச்சாங்களா அம்மிணி?" என்றாள். "அப்புறம் ஒருத்தருக்குமா வழி தெரியல?"

வழியை அடைத்தது நான் பேசிய பேச்சுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. ரசம் வைத்தேன். இரண்டு பேரும் இதயங்களை ஒதுக்கிவிட்டுத் தட்டு வைக்க இடம் செய்து சாப்பிட்டோம். என் போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது, உன்னோடு இருக்கிறோம், உன்னோடு இருக்கிறோம் என்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

என் பேச்சால் மில்லுக்குப் பெயர் கெட்டது. கெட்ட பெயரைச் சரிசெய்ய அவர்கள் ஆள் அனுப்பினார்கள், மறுநாள் வெயில் தாழும் நேரத்தில். வந்தவன் நிரஞ்சன். என் துறையில் எனக்கு மூத்த மாணவன், தங்கப் பதக்கம் வாங்கியவன், பட்டிமன்றத்தில் ஒருமுறை என்னைத் தோற்கடித்தவன். வெண்முகில் மில்லில் ஊடகத் தொடர்பு பார்க்கிறான் என்பது அவனைச் சந்தின் முனையில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கழுத்தில் மில் அட்டை, ஒரு கையில் போன், மறுகையில் மூன்றுகால் ஸ்டாண்டு. நான் ஜன்னலில் நின்றபடி, என்ன வேணுங்கண்ணா என்றேன். அம்மா மில்லுக்கு நன்றி சொல்வதுபோல ஒரு சின்ன வீடியோ, முப்பது செகண்டு போதும் என்றான். நல்லா இருக்கு, உள்ள வந்து எடுத்துக்குங்க என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவன் அதை அழைப்பென்று எடுத்துக்கொண்டு இதயங்களுக்குள் இறங்கினான்.

பாதி வழியில் செருப்பு போனது. இன்னும் கொஞ்சம் வந்ததும் ஸ்டாண்டு சிக்கிக்கொள்ள, அதை விட்டான். வீட்டுப் படிக்கு வருவதற்குள் தடுமாறி இரண்டு கையையும் ஊன்றினான், எழுந்தபோது கையில் போன் இல்லை. குனிந்து துழாவினான். உள்ளே எங்கோ ஆழத்தில் அது அடித்துக்கொண்டிருந்தது. மேலே சிவப்பாக ஒரு வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. வெறுங்கையோடு கதவருகே வந்து நின்று, என் அம்மாவைப் பார்த்து, வணக்கம்ங்க என்றான். துக்க வீட்டில் வணக்கம். எங்க நிறுவனத்தின் சார்பா என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். மீதி போனில் இருந்தது.

அம்மா அவனை அண்ணாந்து பார்த்தாள். அக்கா போன பிறகு அவள் முகத்துக்கு நேராக நின்ற முதல் வெளி ஆள்.

"பஸ்ஸுல பிரேக் இல்லைன்னு உங்களுக்கெல்லாம் தெரியுமா சாமி?"

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை.

"தெரியும்ங்க" என்றான். "அந்தக் குரூப்புக்கு நான்தான் அட்மின். தினமும் கோப மூஞ்சியா வரும். எதுக்குன்னு டிரைவரைக் கேட்டேன், பிரேக்னு சொன்னாரு. நான் மேல சொல்லல. எல்லாரும் பாக்கறாங்க, நல்லாப் போகுதுன்னு ரிப்போர்ட்ல போட்டேன். உங்க பொண்ணுதான் முதல்ல வைப்பாங்க. பேரு பாத்திருக்கேன். பூங்கோதைனு."

அக்காவின் பெயரை அவன் சொன்னதும் அம்மா எழுந்தாள். எழுந்து, ஆணென்றும் பார்க்காமல், மில் ஆளென்றும் பார்க்காமல், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் அது வந்தது. இத்தனை நாளும் உள்ளே கிடந்த அழுகை, என் கறுப்பி, என் கறுப்பி என்று வந்தது. நிரஞ்சனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் தொங்கவிட்டிருந்தான், பிறகு அவள் முதுகில் வைத்தான், பிறகு அவனும் அழுதான். சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன. சுலோச்சனா அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்தவள், தன் வாசலைத் தாண்டியதும் இடுப்பளவு இதயத்தில் மாட்டிக்கொண்டு, ஓர் அடி வைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே அழுதாள். மற்றவர்கள் அவரவர் படியில் நின்றார்கள். சிலர் போனைத் தூக்கினார்கள், ஆனால் அவன் சொன்னது அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

என் கையிலும் போன் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மில் மேல் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கலாம், இவ்வளவு வாய் பேசுகிற பெண் அந்த நேரத்தில் மரம்மாதிரி நின்றிருக்கிறாளே என்று வக்கீல் முதல் ஜெனிலா வரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், எதிர்வாதம் என்னிடம் உண்டு, ஆனால் அது வழக்குக்கு உதவாது: அவன் அதை என் அம்மாவுக்குச் சொன்னான்.

அழுது முடித்து அம்மா பாயில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், இருவருக்கும். நிரஞ்சன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகக் குனிந்து, "போயிட்டு வரேன்ங்கம்மா" என்றான்.

அவன் எந்தத் துக்க வீட்டுக்கும் நேரில் போனதே இல்லை என்பது அந்த ஒரு வார்த்தையில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஐயையோ, ஆகாத சொல்லைச் சொல்லிட்டானே என்று சுலோச்சனா அத்தை நெஞ்சில் கை வைத்தாள். அம்மாவுக்கு மீதி இருக்கும் உயிர் நான் ஒருத்திதான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவனைக் கடிந்துகொள்ள வாயைத் திறந்தேன், அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வா சாமி" என்றாள்.

அவன் சந்தின் முனைவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அதுவும் கூடாது.

மறுநாள் மில் ஒரு பதிவு போட்டது: மேற்படி நபர் இப்போது எங்கள் குடும்பத்தில் இல்லை, அவர் ஏதும் பேசியிருந்தால் அது அவர் சொந்தக் கருத்து. அதற்குப் பதிலாக எங்கள் சந்தில் கொஞ்சம் கோப மூஞ்சிகள் விழுந்தன. பிறகு வேறு ஊரில் வேறு ஏதோ நடந்தது, வானம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. வழக்கு நடக்கிறது, பேருந்து ஓட்டியவர் மேல்.

விழுந்தவை அழுகவும் இல்லை, மக்கவும் இல்லை. சந்து தன் பங்குக்கு ஒதுக்கி ஒதுக்கி ஆளுக்கொரு நடைபாதை செய்துகொண்டது. எங்கள் வாசலுக்கு மட்டும் யாரும் செய்யவில்லை. காலையில் வகுப்புக்குக் கிளம்பும் முன் நான்தான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சந்தின் முனையிலிருந்து எங்கள் படிவரைக்கும் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குத் தள்ளிவிடுகிறேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் சரிந்து பாதி மூடியிருக்கும். மறுபடி தள்ளுவேன்.

அம்மா இப்போது பாயை மடித்துவிட்டாள். அதற்குப் பதில் படியோரம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, வெயில் இறங்கியதும் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவைக்கிறாள். உலை வைக்கும்போது ஓர் ஆளுக்கு அரிசி கூடுதலாகப் போடுகிறாள். அவன் எதுக்கும்மா இனிமேல் வரப்போறான், வேலையும் போச்சு, ஊரைவிட்டே போயிட்டானாம் என்று நேற்றும் அவளோடு வாதாடினேன். அக்காவைக் கொன்ற ரோஜாப்பூவை அனுப்பியவனே அவன்தான் என்று அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும் அம்மிணி" என்றாள். "ஆனா வரேன்னு சொன்னது அவன் ஒருத்தன்தானே."